சினிமாக் கொட்டாயும் வீட்டு ஆசாரமும்

வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டாயைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அந்தப் பெயர்தான். நூறு வருசத்துக்கு மேலாகக் கொட்டாயில் படம் பார்த்துப் பழகிய சீமையிலிருந்து, வீட்டு ஆசாரத்தையே (கூடத்தையே) கொட்டாய் ஆக்க முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம்.

55 இஞ்ச் டிவி இருக்குதுங்க. மாசம் ஒருக்கா குடும்பத்தோட தியேட்டர் போனா 1,500 ரூபாய் ஆயிருது. 70,000 ரூபாய்க்கு ஹோம் தியேட்டர் போட்டா நாலு வருசத்துல காசு திரும்பிரும்னு பையன் கணக்குச் சொல்றான். அதுக்கப்புறம் தியேட்டருக்கே போக வேண்டியதில்லைங்களா?
— வாசகி, பீளமேடு

பையனுடைய பெருக்கல் சரி. ஆனால் இரண்டும் ஒரே பண்டம் இல்லை. எது வீட்டில் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

முதலில் படம். டிஜிட்டல் தியேட்டர் திரையில் வெள்ளை நிறத்தின் வெளிச்சத்துக்கு வைத்திருக்கும் அளவு 48 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). சாதாரண எல்.இ.டி. டிவியே 300 நிட் தாண்டும். கறுப்பும் அப்படித்தான். தியேட்டரில் வாசல் விளக்கு, படிக்கட்டு விளக்கெல்லாம் திரையில் பட்டுக் கறுப்பு வெளுத்துப்போகும். ஓலெட் டிவியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். ஆகவே பளிச்சிலும் கறுப்பிலும் வீடு தோற்பதில்லை. தோற்பது வேறு இடத்தில். தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதி நொடிக்கு 250 மெகாபிட் தகவல் வரை ஓடும், ஓ.டி.டி.யில் 4கே என்று வருவது சுமார் 15 மெகாபிட். புகை, மழை, இருட்டுக் காட்சிகளில் படம் கட்டங்கட்டமாக உடைவது அதனால்தான். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து, திரையின் அகலம் கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. தியேட்டரில் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார்ந்தால் சுமார் 37 டிகிரி. உங்கள் டிவியின் அகலம் 4 அடி. பத்தடி தள்ளி சோபா போட்டிருந்தால் 23 டிகிரிதான். சோபாவை ஐந்தரை அடிக்கும் ஏழு அடிக்கும் நடுவில் இழுத்துப் போடுங்கள். பைசா செலவில்லாமல் தியேட்டரை நெருங்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சத்தம்தான் பெரிய விசயம். தியேட்டரில் முன்பக்கத்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல், அடிச்சத்தத்துக்கான ('பேஸ்') தனித் தடம் 115 டெசிபல் வரை போகும்படி அமைப்பார்கள். அந்தச் சத்தத்திலும் உடையாமல் வருவதுதான் அதன் மதிப்பு. உங்கள் பட்ஜெட்டில் வரும் 8 இஞ்ச் சப்வூஃபர் (அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு) பக்கத்திலேயே மூச்சு வாங்கிவிடும். இன்னொன்றைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பெரிய அரங்கத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி தாமதமாகக் காதுக்கு வரும். அதை வைத்துத்தான் காது இடத்தின் விரிவை உணர்கிறது. பன்னிரண்டு அடி அறையில் அது உடனே திரும்பிவிடும். ரிசீவரில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) 'ஹால்', 'ஸ்டேடியம்' என்று இருக்கும் பட்டன்கள் அந்த விரிவைக் கொண்டுவராது, வசனத்தைத்தான் குழப்பும். அவற்றைத் தொடாதீர்கள்.

எங்கள் யோசனை: 70,000-ஐ ஒரே பெட்டியில் ஐந்து ஸ்பீக்கரும் அடங்கிய செட்டில் போடாதீர்கள். 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இணைக்கக்கூடியது), இடம், வலம், நடு என மூன்று நல்ல ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் இவை முதலில். பின் ஸ்பீக்கர் இரண்டும் அடுத்த வருசம் வரட்டும். பேச்சும் நடிப்பும் தாங்கும் படங்களுக்கு இது தாராளம். சத்தமும் விரிவும் வைத்தே எடுத்த படத்துக்குத் தியேட்டருக்கே போங்கள். கோயமுத்தூரிலேயே ஐமாக்ஸ் இருக்கிறது.

பத்துக்குப் பத்து ரூம், உயரமும் பத்தடி. டைல்ஸ் தரை. புது சப்வூஃபர் வெச்சதும் டம்டம்னு ஒரே இரைச்சல். பவானி ஜமக்காளம் விரிச்சும் குறையலை. முட்டை அட்டை ஒட்டோணும்னு கடைக்காரர் சொல்றாருங்க.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். அது அடிச்சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடித்தால் ஒரே ஓட்டமாகப் பரவும். தெர்மாகோலும் அதே வகை.

கோளாறு சப்வூஃபரில் இல்லை, அறையின் அளவில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும். எதிரெதிரான இரண்டு சுவருக்கு நடுவில் எந்தச் சத்தம் ஊஞ்சல்போல ஆடும் என்பதற்கு 1,130-ஐ அந்த இடைவெளியின் இருமடங்கால் வகுக்க வேண்டும். பத்தடிக்கு 56 ஹெர்ட்ஸ். உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்பதால் மூன்று ஊஞ்சலும் ஒரே 56-ல் ஆடுகின்றன. பம்பை அடித்தாலும் குண்டு வெடித்தாலும் அந்த ஒரு சுருதி மட்டும் எழும்பி மற்றதை அமுக்கிவிடுகிறது. ஜமக்காளம் மெல்லிய நெசவு; கீச்சுச் சத்தத்தைத்தான் குடிக்கும். 56 ஹெர்ட்ஸின் அலை இருபது அடி நீளம், அதற்கு ஜமக்காளம் இருப்பதே தெரியாது.

இந்த வரிசையில் செய்து பாருங்கள். முதலில் நாற்காலி. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் 56 பெருகும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுருதி காணாமல் போகும். பின்சுவரிலிருந்து நாலடி முன்னால் போடுங்கள். பிறகு சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் காதுயரத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். அடிச்சத்தம் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தரையில் தவழ்ந்தபடி சுவரோரமாக ஒரு சுற்று வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை இறக்கி வையுங்கள். மூலை பெரும்பாலும் தேறாது. ரிசீவரில் கிராஸோவரை (எந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அறையை அளக்கும் மைக் ரிசீவரோடு வந்திருந்தால் இவ்வளவும் முடித்த பிறகு ஓட்டுங்கள். முன்னால் ஓட்டினால் தவறான இடத்துக்குத் திருத்தம் போட்டுவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு). ஏ.சி. டக்ட் வேலை செய்பவர்களிடம் 50 மில்லிமீட்டர் பலகையாகக் கிடைக்கும். இரண்டு மூன்றை அடுக்கி, காற்றுப் புகும் பருத்தித் துணியில் சுற்றி, முன்சுவரின் இரண்டு மூலையிலும் தரையிலிருந்து கூரைவரை குறுக்காக நிறுத்துங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், அரிக்கும். வெட்டும்போது மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். ராக்வூல் தீப்பிடிக்காது என்பது கூடுதல் நிம்மதி. ஜமக்காளம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். டைல்ஸ் தரையில் பட்டுத் தெறிக்கும் வசனத்துக்கு அது நல்லதுதான். அடியில் ஒரு பஞ்சு மெத்தை போட்டால் இன்னும் நல்லது.

தறிக்குடோனை ஒட்டியே வீடு. ராத்திரியும் தறி ஓடும். புரொஜெக்டர் போடலாங்களா?
— விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

டிவி போடுங்கள். பஞ்சுத்தூசிதான் காரணம். புரொஜெக்டர் காற்றை இழுத்துத்தான் சூடு ஆற்றுகிறது. பஞ்சு வடிகட்டியை அடைத்தால் சூடேறித் தானே அணையும். எல்.சி.டி. வகையில் தூசி உள்ளே போய்ப் படத்தில் மங்கல் பொட்டாகத் தெரியும். புரொஜெக்டர்தான் வேண்டும் என்றால் ஒளிப்பாதை அடைத்து மூடிய லேசர் டி.எல்.பி. வகையாகப் பாருங்கள். வடிகட்டி உள்ள வகை என்றால் வாரம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைக்க வேண்டும்.

தறிச்சத்தம் குடோனுக்குள் 90 டெசிபலைத் தாண்டும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் அதில் பாதியைத் தின்றுவிடும். மீதி வருவது சன்னல் வழியாகவும் கதவடிச் சந்து வழியாகவும்தான். கதவின் அடியிலும் ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், தறிப்பக்கத்துச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். தரை வழியாக ஏறும் அதிர்வுக்குத் தறிக்காலின் அடியில் ரப்பர் மெத்தை. இதை முடித்துவிட்டு ஸ்பீக்கருக்குச் செலவு செய்யுங்கள். சத்தத்தைச் சத்தத்தால் அமுக்கப் பார்த்தால் காது கெடும். தறி இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் இழுக்கவும் கூடாது, அது விதிமீறல்.

எங்க அப்புச்சிக்கு வசனமே புரியறதில்லைங்க. சண்டை வந்தா வீடே அதிருது. ரிமோட்டக் கையிலயே வெச்சிருக்கோணும்.
— கல்லூரி மாணவி, காங்கேயம்

தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் முணுமுணுப்புக்கும் வெடிக்கும் இடைவெளி மிகப் பெரிது. நீங்கள் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைக்கும்போது முணுமுணுப்பு மின்விசிறிச் சத்தத்துக்குள் மூழ்கிவிடுகிறது. டிவியின் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்திருப்பது இன்னொரு குறை.

டிவி மட்டும் இருந்தால் ஓ.டி.டி. ஒலிப் பட்டியலில் 5.1-ஐ விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் 'நைட் மோட்' அல்லது 'ஆட்டோ வால்யூம்' போடுங்கள். ரிசீவர் இருந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள். அதை டிவி ஸ்டாண்டின் உள்ளே தள்ளி வைக்காமல் விளிம்புவரை முன்னால் இழுத்து, முகத்தைப் பார்க்கும்படி சற்று நிமிர்த்துங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஒயர்களைச் சரிபாருங்கள்: ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் குரல் குழிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

சவுண்ட்பாரை புளூடூத்துல இணைச்சேன். வாய் ஒண்ணு பேசுது, சத்தம் பின்னால வருது.
— வாசகர், நாமக்கல்

புளூடூத்தில் ஒலி கால் நொடிவரை பிந்தும். தியேட்டரில் 75 அடி தள்ளி உட்கார்ந்தாலும் ஒலி பிந்தத்தான் செய்கிறது. ஆனால் அது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு, காது பொறுத்துக்கொள்ளும். டிவியில் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையில் (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் துளை) கேபிள் போட்டு இணையுங்கள். டிவியோ சவுண்ட்பாரோ வாங்கும்போதே 'இ.ஏ.ஆர்.சி.' இருக்கிறதா பாருங்கள்.

தோட்டத்து வீட்டுல 14 அடி ஆசாரம். ஆன்லைன்ல 10,000 லூமன்ஸ் புரொஜெக்டர் 9,000 ரூபாய்க்கு வருது. 120 இஞ்ச் திரை வருமுங்களா? இங்க கரண்டு ஏறி இறங்கும்.
— விவசாயி, பொள்ளாச்சி பக்கம்

அந்த 10,000 லூமன்ஸ் என்ற வெளிச்சக் கணக்கை நம்பாதீர்கள். பெட்டியில் 'ஆன்சி லூமன்ஸ்' என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். அதுதான் அளந்த கணக்கு. 120 இஞ்ச் திரையின் பரப்பு 43 சதுர அடி. தியேட்டர் அளவு வெளிச்சத்துக்கு முழு இருட்டில் 600 லூமன்ஸ் நிஜமாகத் திரையில் விழ வேண்டும். நிறம் சரியாக இருக்கும் 'சினிமா' மோடில் புரொஜெக்டரின் வெளிச்சம் நன்றாகக் குறையும் என்பதால், 1,500 ஆன்சிக்குக் கீழே இறங்காதீர்கள். சன்னல் வெளிச்சம் வந்தால் எந்தப் புரொஜெக்டரும் வெளுத்துப்போகும். கரூர்த் திரைச்சீலை கனமான துணியாகப் பார்த்து, உள்பக்கம் லைனிங் வைத்துத் தைத்து, சன்னலைவிட ஆறு இஞ்ச் அகலமாகத் தொங்கவிடுங்கள்.

சாதாரணப் புரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 120 இஞ்சுக்கு அகலம் எட்டே முக்கால் அடி, தூரம் பதிமூன்று அடி. உங்கள் 14 அடியில் புரொஜெக்டரின் நீளமும் பின்னால் கேபிளும் போனால் இடிக்கும். 100 இஞ்ச் போதும்: அகலம் ஏழே கால் அடி, தூரம் பதினொன்று. அகன்ற ஸ்கோப் படங்களில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து திரையின் கால்பங்கு சும்மா இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே திரை வாங்குங்கள்.

புரொஜெக்டரில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். குறைந்த வோல்டேஜ் பெரிய சேதம் செய்யாது. கெடுப்பது, கிணத்து மோட்டார் நிற்கும்போது எகிறும் வோல்டேஜும் திடீர்க் கரண்ட் கட்டும். லேம்ப் வகையில் கரண்ட் போனதும் விசிறி நின்று, சூடு ஆறாமல் லேம்பின் ஆயுள் குறையும். சைன்வேவ் யு.பி.எஸ். (லைன் கரண்ட் போலவே சீரான அலை தருவது) ஒன்று வையுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ரிசீவர் ரீங்காரம் போடும். எச்.டி.எம்.ஐ. செம்புக் கேபிளில் 4கே பதினைந்து அடிக்குமேல் நம்பிக்கையாக ஓடாது. அதற்கு மேல் ஃபைபர் கேபிள். அதற்குத் திசை உண்டு, முனையில் அச்சிட்டிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது. சுவரில் பதிக்கும்போது ஒன்றரை இஞ்ச் பைப் போட்டு, வளைவை விரிவாக வையுங்கள். கேபிள் கெட்டால் உருவி மாற்ற முடியும்.

மாரியம்மன் நோம்பிக்கு ஊர்ப் பொதுவுல, எங்க ஓ.டி.டி. அக்கவுண்டுல படம் போடலாங்களா?
— இளைஞர் மன்றத்தார், தாராபுரம்

கூடாது. ஓ.டி.டி. சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். பொதுவில் காட்ட 1957 காப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பொதுக்காட்சிக்கு உரிமம் வேண்டுமா என்று கலெக்டர் ஆபீசில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு.

தியேட்டர்ல எந்த வரிசைங்க நல்லது?
— வாசகி, ஈரோடு

திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நட்டநடு இருக்கை. ஒலியை அளந்து சரிசெய்வதே அந்த இடத்தை ஒட்டித்தான். பழைய தியேட்டரில் பால்கனிக்கு அடியில் இருக்கும் பின்வரிசைகளை விடுங்கள்; மேலே தாழ்ந்த கூரை ஒலியை மறைக்கும். சுவரோர இருக்கையில் பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றே காதை அடைத்துக்கொள்ளும். குழந்தையோடு போனால் சுவரோரம் மட்டும் உட்காராதீர்கள்.