36 பேர் கொண்ட எங்கள் கொயர், பல குழுக்களாகப் பிரிந்து நின்று பாடும் இக்காலப் படைப்புகளைப் பாட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். 40 பார்ட் (ஒவ்வொரு பார்ட்டும் தனி மெட்டு) கொண்ட பாட்டை மட்டும் இப்போது கையில் எடுக்காதீர்கள்.

16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் டாலிஸின் ‘ஸ்பெம் இன் ஆலியம்’ கேட்டிருப்பீர்கள், அல்லது அதற்கு ஜோடியாக இக்கால இசையமைப்பாளர் ஜேம்ஸ் மக்மிலன் அதே 40 குரலுக்கு எழுதிய ‘விடி அக்வாம்’ கேட்டிருப்பீர்கள். “இன்னும் நாலு பேரைப் பிடித்தால் 40 ஆகிவிடுமே” என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தலையை எண்ணினால் சரிதான், குரலை எண்ணினால் உதைக்கும். 1570 வாக்கில் எழுதப்பட்ட ஸ்பெம்மில் எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர்: மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பாரிடோன், பேஸ் ஒவ்வொன்று (கடைசி மூன்றும் பொதுவாக ஆண் குரல்). கூட்டிப் பாருங்கள், 40 பேரில் 24 பேர் டெனாரும் அதற்குக் கீழும். எந்த அமெச்சூர் கொயரில் 24 ஆண்கள் இருக்கிறார்கள்? இருந்தாலும், பார்ட்டுக்கு ஒருவர் என்பதால் ஒருவருக்குத் தொண்டை கட்டினால் ஒரு பார்ட்டே காணாமல் போகும். மாற்று ஆளோடு சேர்த்து 45 பேராவது வேண்டும்.

(“சொப்ரானோ என்று ஏன் எழுதுகிறாய், தமிழில் வார்த்தை இல்லையா” என்று கேட்க வருபவர்களுக்கு: கொயரில் நிற்பவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பஸ் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் கண்டக்டர் என்பதை விட்டுவிட்டு கொயர் மாஸ்டர் என்று எழுதுகிறேன். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.)

குழுவாகப் பிரிந்து பாடும் பழைய முறை என்றதும் எல்லோரும் வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தைச் சொல்வார்கள். எதிரெதிரே இரண்டு ஆர்கன் மாடங்கள், இங்கே ஒரு குழு, அங்கே ஒரு குழு, நடுவில் பறக்கும் இசை. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஆர்கன் வாசித்த இசையமைப்பாளர் ஜியோவன்னி கப்ரியேலி காலத்துக்கு இந்தப் படம் ஓரளவு பொருந்தும். ஆனால் 1527 முதல் அங்கே இசைத் தலைவராக இருந்த வில்லார்ட், 1550-இல் வெளியிட்ட இரு குழுச் சங்கீதங்களுக்கு (பைபிளின் சங்கீதப் பாடல்கள்) இது பொருந்தாது. அந்த ஆலயத்தின் 1564-ஆம் ஆண்டுச் சடங்கு விதிகள், ஒரு குழுவில் நான்கு பேர், மற்ற எல்லோரும் இன்னொரு குழு என்று சொல்கின்றன. நான்கு தேர்ந்த தனிக்குரல்கள் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம். அவர்கள் தள்ளித் தள்ளி நிற்காமல் ஒரே இடத்தில்தான் நின்றார்கள் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வில்லார்ட்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பதும் சரியில்லை. பதுவா, த்ரெவிசோ ஆலயங்களில் அவருக்கு முன்பே பாடியிருக்கிறார்கள்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் 36 பேரை 18, 18 என்று சமமாகப் பிரிக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. 4-க்கு 32 என்பதும் பழைய முறையே. இங்கிலாந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1921-இல் எழுதிய ஜி மைனர் மாஸ் (திருப்பலி வழிபாட்டுக்கான பாடல் தொகுப்பு) இரண்டு குழுக்களோடு நான்கு தனிக்குரல்களையும் கேட்கிறது. உங்களிடம் நன்றாகப் பாடுகிற நான்கு பேரும் சுமாரான 32 பேரும் இருந்தால் (பெரும்பாலான கொயர்களின் நிலை அதுதான், கோபப்படாதீர்கள்), 4-க்கு 32 என்ற பிரிவினை உங்களைக் காப்பாற்றும்.

சமமாகவே பிரிப்பதென்றால், நல்ல பாடகர்களை எல்லாம் முதல் குழுவில் கொட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. ஒரு குழு கேள்வி கேட்டு மறு குழு முனகினால் உரையாடலே கிடையாது. 18 பேர் குழுவுக்கு சொப்ரானோ 5, ஆல்டோ 5, டெனார் 4, பேஸ் 4 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு பார்ட்டிலும், நோட்டேஷனைப் பார்த்தவுடன் பாடக்கூடிய ஒருவர் இரு குழுவிலும் இருக்க வேண்டும். அப்படி எட்டுப் பேர் கிடைக்கவில்லை என்றால் இந்த ஆண்டு இரு குழுப் பாட்டு வேண்டாம்.

அடுத்தது தூரம். முக்கால்வாசி நிகழ்ச்சிகள் கவிழ்வது இங்கேதான்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு குழுவுக்கும் இடையே 25 மீட்டர் என்றால் அந்தப் பக்கச் சத்தம் இந்தப் பக்கம் வர 73 மில்லி விநாடி. சின்னதாகத் தெரியும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஒரு பதினாறாம் ஸ்வரத்தின் (ஒரு அடியில் கால் பங்கு) நீளமே 125 மில்லி விநாடிதான், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதைவிட மோசம் பின்னால் வருகிறது. இரண்டாம் குழு, கேட்டதை வைத்துப் பாடினால் 73 தாமதம். அந்தத் தாமதமான பாட்டு முதல் குழுவுக்குத் திரும்பி வரும்போது 146. அதைக் கேட்டு முதல் குழுவும் “அவர்களுக்காகக் காத்திருப்போம்” என்று இழுக்கும். இப்படி ஒருவரை ஒருவர் இழுத்து, நாலு பக்கத்துக்குள் பாட்டு சவ்வாகிவிடும். யாரும் தவறு செய்யவில்லை, எல்லோரும் அக்கறையோடு கேட்டிருக்கிறார்கள், அதுதான் வினை. ஆகவே சாதாரணக் கொயரில் சொல்லித் தரும் “பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாடு” என்ற பாடத்தை இங்கே தலைகீழாக்க வேண்டும். தாளத்துக்குக் கண், சுருதிக்குக் காது. மாஸ்டரின் கையைப் பார்த்துப் பாடினால், எதிர்க்குழு உங்கள் காதுக்குத் தாமதமாகத்தான் கேட்கும். கேட்கட்டும், விட்டுவிடுங்கள்.

10 மீட்டர் வரை (29 மில்லி விநாடி) பழகாத கொயரும் சமாளிக்கும். முதல் நிகழ்ச்சியில் அதைத் தாண்டாதீர்கள். மாஸ்டர் இரு குழுவுக்கும் நடுவில், சம தூரத்தில் நிற்க வேண்டும். கேட்பவர்களில் துல்லியம் நடு வரிசைக்குத்தான் கிடைக்கும். ஒரு குழுவுக்கு 3 மீட்டரிலும் மறு குழுவுக்கு 22 மீட்டரிலும் உட்கார்ந்திருப்பவருக்கு 55 மில்லி விநாடி வித்தியாசம் கேட்டே தீரும், அதற்கு மருந்து இல்லை. ஒரு குழு மாடத்தில் நின்று மாஸ்டரைப் பார்க்க முடியாவிட்டால் உதவி மாஸ்டர் ஒருவர் அங்கே நிற்கலாம். அவரும் கையைப் பார்த்தே அடிக்க வேண்டும், காதை நம்பக் கூடாது. கேமராவும் டிவியும் வைப்பவர்கள் கம்பி வழிக் கேமராவாக வையுங்கள், டிவியை கேம் மோடில் போடுங்கள். படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி செய்யும் வேலையே ஒலியின் தாமதத்தைவிட அதிக நேரம் தின்றுவிடும்.

சுருதி விஷயம் வேறு மாதிரி. துணை வாத்தியம் இல்லாமல் பாடும்போது முதல் குழு மெல்ல இறங்கும். அது ஊர் வழக்கம். அப்போது ஒரு 20 பார் (தாளச் சுற்று) சும்மா நிற்கும் இரண்டாம் குழுவின் மனதில் பழைய சுருதி அப்படியே இருக்கும். அவர்கள் நுழையும் இடத்தில் கால் ஸ்வரம் பிசகி, கேட்பவருக்குப் பல் கூசும். இரண்டாம் குழு தப்பாகப் பாடியதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள், சரியாக இருந்தது அவர்கள்தான்! ஒத்திகையில், பாடாத குழுவை வாய் மூடி, பாடும் குழுவின் பேஸை மெதுவாக முனகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் முனகலை நிறுத்தி மனதுக்குள் பாடச் சொல்லுங்கள். இறங்கினாலும் இரண்டு குழுவும் சேர்ந்தே இறங்கும். சேர்ந்து இறங்கியதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சொல் முடிவில் வரும் ‘ஸ்’ லத்தீனில் அடிக்கடி வரும். 36 பேரும் வெவ்வேறு இடத்தில் நின்று அதைச் சொன்னால் கடுகு தாளித்தது போல இருக்கும். குழுவுக்கு இரண்டு பேர் மட்டும் ‘ஸ்’ சொல்லட்டும், மற்றவர்கள் உயிரெழுத்தோடு நிறுத்தட்டும். ஒரு குழு முடிக்கும் கார்டிலேயே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மறு குழு தொடங்கும் இடங்களில், முடிக்கிற குழு எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் முன்னதாக வெட்ட வேண்டும். கல் கட்டடம் மிச்சத்தை நீட்டித் தரும். எதிரொலி இல்லாத அரங்கம் என்றால் முழு நீளமும் பிடியுங்கள்.

ஒத்திகை வரிசை: பத்து ஒத்திகை என்று வைத்துக்கொண்டால் முதல் மூன்றில் குழுக்கள் தனித்தனியாக. அடுத்த நான்கில் எல்லோரும் ஒரே வட்டத்தில், முகம் பார்த்து. இதைத்தான் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள், தாண்டக் கூடாது. மறு குழு பாடுவது எல்லோருக்கும் மனப்பாடம் ஆக வேண்டும், பார் எண்ணிக்கொண்டு நுழைகிறவன் ஒரு நாள் தவறவே செய்வான். எட்டாவதில் 5 மீட்டர் தள்ளி, ஒன்பதாவதில் 10 மீட்டர். பத்தாவது, பாடப்போகும் கட்டடத்திலேயே. காலி அரங்கில் கேட்ட எதிரொலியை நம்பி டெம்போவை முடிவு செய்யாதீர்கள். ஆட்கள் நிரம்பியதும் எதிரொலி குறையும், கொஞ்சம் வேகமாகப் போக இடம் கிடைக்கும்.

எதைப் பாடுவது? முதலில் நார்வேயின் க்னூட் நிஸ்டெட் 1988-இல் எழுதிய ‘இம்மார்ட்டல் பாக்’. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் ஒரு சிறு பாடலை முதலில் நான்கு பார்ட்டில் சாதாரணமாகப் பாட வேண்டும். பிறகு அதே வரிகளை, ஒவ்வொரு குழுவும் ஸ்வரங்களை வெவ்வேறு நீளத்துக்கு இழுத்துப் பாட வேண்டும். வரி முடிவில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருப்பு. ஸ்வரம் படிக்க ஒரு மணி நேரம் போதும். குழுக்களுக்கிடையே பொதுத் தாளம் இல்லாததால் தூரத் தாமதப் பிரச்சினையும் இல்லை, அரங்கைச் சுற்றி நிற்கலாம். கெடுவது ஒரே இடத்தில்: மெதுவான குழு மூச்சு போதாமல் சீக்கிரம் நகர்ந்துவிடும், அடர்த்தி கலைந்துவிடும். மாற்றி மாற்றி மூச்சு எடுக்கப் பழக்கி, குழுவுக்கு ஒருவர் விரலால் விநாடி எண்ணிக் காட்டட்டும்.

அது வந்தபின் சுவிஸ் இசையமைப்பாளர் ஃபிராங்க் மார்ட்டினின் இரு குழு மாஸின் கடைசிப் பகுதி, ‘ஆக்னுஸ் தேயி’. மாஸை 1922-இல் எழுதி, இந்தப் பகுதியை 1926-இல் சேர்த்து, 1963 வரை வெளியே விடாமலே வைத்திருந்தார் மனிதர். ஒரு குழு நடை போடுவது போலக் கார்டுகளை வைத்துக்கொண்டே போகும், மறு குழு அதன் மேல் ஒரே மெட்டாகப் பாடும். வேலை தெளிவாகப் பிரிந்திருப்பதால் இரு குழு என்றால் என்ன என்பது பாடுகிறவர்களுக்கு உடம்பில் ஏறும். இதே மாஸின் மற்றப் பகுதிகள் கடினம், முழு மாஸையும் அறிவித்துவிடாதீர்கள். கேப்ரியல் ஜாக்சனின் ‘சாங்க்டம் எஸ்ட் வேரும் லூமென்’, அலெக் ராத்தின் ‘எர்த்ரைஸ்’ இரண்டும் 40 பார்ட். கேட்டு மகிழுங்கள்.

கேட்பது என்றதும் ஒன்று. யூடியூபில் போனில் கேட்டுவிட்டு “சத்தமாக இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை” என்று கருத்துப் போடுகிறவர்கள், எட்டு திசையை ஒரு சிறு ஸ்பீக்கரில் நசுக்கிக் கேட்கிறார்கள். ஜேனட் கார்டிஃப் என்ற கலைஞர் 2001-இல் டாலிஸின் 40 குரலையும் தனித்தனியே பதிந்து 40 ஸ்பீக்கர்களில் நிறுத்தி வைத்தார், நாம் ஒவ்வொரு குரலின் முன்னும் போய் நிற்கலாம். எங்காவது அருங்காட்சியகத்தில் வந்தால் விடாதீர்கள்.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். டாலிஸ் போய்ச் சேர்ந்து 440 ஆண்டு ஆகிறது, அவருக்குக் காசு வேண்டாம். மக்மிலனும் ஜாக்சனும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு பிரதி வாங்கி 35 ஜெராக்ஸ் போடும் கொயர்கள்தான், சீருடைத் துணிக்கும் நிகழ்ச்சி முடிந்த பின் பிரியாணிக்கும் தாராளமாகச் செலவழிக்கின்றன. “எங்களுக்கு பட்ஜெட் இல்லை” என்று வருபவர்கள் பழைய இரு குழுப் பாடல்களைப் பாடுங்கள், சட்டப்படியே இலவசம். கப்ரியேலியிடம் பயின்ற ஷூட்ஸ் 1619-இல் வெளியிட்ட ‘தாவீதின் சங்கீதங்கள்’ ஒன்றே பல ஆண்டுக்குப் போதும்.

உங்கள் கொயரில் யாராவது தாங்களே எழுதப்போகிறார்கள் என்றால், இத்தாலிய இசைக் கோட்பாட்டாளர் ஜார்லினோ 1558-இல் எழுதி வைத்த விதியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவின் ஹார்மனியும் தனியாகக் கேட்டாலும் முழுமையாக இருக்க வேண்டும். எல்லோரும் சேரும் இடத்தில் இரு குழு பேஸும் ஒரே ஸ்வரமாகவோ எட்டாம் ஸ்வரமாகவோ இருக்கலாம், மூன்றாவதாகவும் இருக்கலாம், ஐந்தாவதாக இருக்கக் கூடாது. ‘ஸ’ கார்டில் ஒரு பேஸ் ‘ஸ’, மறு பேஸ் ‘ப’ என்று எழுதினால், ‘ப’ பக்கம் உட்கார்ந்தவருக்கு அந்தக் கார்ட் தலைகீழாக, காலில்லாமல் கேட்கும். கணினியில் எழுதுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, அங்கே எல்லாப் பேஸும் ஒரே ஸ்பீக்கரில் வருகிறது. அதோடு, நீண்ட மெல்லிய கார்டை மாடத்தில் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு “திசை தெரியும்” என்று நம்பக் கூடாது. எதிரொலிக்கும் கட்டடத்தில் காதுக்குத் திசை காட்டுவது சொல்லின் தொடக்கமும் மெய்யெழுத்தும்தான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டுமானால் ‘க’விலோ ‘த’விலோ தொடங்கும் சொல்லைக் கொடுங்கள்.