தக்காளிக் கொழுந்தில் பச்சைப் பூச்சி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, ஓமலூர் பக்கம் ஒரு ஏக்கரில் தக்காளி நட்டு 45 நாள் ஆகிறது. கொழுந்தில் மெல்லிசாகப் பச்சைப் பூச்சிகள் ஓடுகின்றன. இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் மோதிரம் போட்ட மாதிரி பழுப்பு வளையம் விழுகிறது. பூவும் கொஞ்சம் கொட்டுகிறது. மருந்துக் கடையில் உடனே அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "அது நல்லது செய்யும் பூச்சி, தொடாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த வளையத்தைப் பார்த்தால் இது நெசிடியோகோரிஸ் என்ற நாவாய்ப்பூச்சியாகத்தான் இருக்கும். வெள்ளை ஈயின் குஞ்சுகளையும், ஊசிப்புழுவின் முட்டைகளையும் உறிஞ்சித் தின்னும். அதே ஊசிவாயால் செடியின் சாற்றையும் குடிக்கும். வாய் வைத்த இடம்தான் வளையமாகக் கருகுகிறது. கருகிய கொழுந்தை வளைத்தால் அங்கேயே ஒடியும். பூக்காம்பில் குத்தினால் பூ உதிரும்.

தத்துப்பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். தத்துப்பூச்சி ஆப்பு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் நகரும், தொட்டால் தாவும். இதற்கு உடம்பு ஒல்லி, காலும் உணர்கொம்பும் நீளம், விறுவிறுவென்று ஓடும்.

நம் நாட்டில் 2014-இல் மகாராஷ்டிராவில் முதலில் தென்பட்ட ஊசிப்புழு இன்று நம் பக்கத் தக்காளியையும் படுத்துகிறது. புழு இலைக்குள் சுரங்கம் போட்டு உட்கார்ந்துகொள்வதால் மருந்து எளிதில் போய்ச் சேராது. வெளியே ஓடித் திரியும் இந்த நாவாய்ப்பூச்சிதான் மருந்தில் முதலில் சாகும். ஸ்பெயினில் இதைக் காசு கொடுத்து வாங்கி, நாற்றங்காலிலேயே செடிகள்மேல் விடுகிறார்கள். உங்கள் வயலுக்குத் தானாக வந்திருக்கிறது. அதை அவசரப்பட்டு அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இரை தீர்ந்துபோனால் கதை மாறும். வெள்ளை ஈ குறையக் குறைய, பூச்சி பெருகப் பெருக, வெயில் ஏற ஏற வளையமும் கூடும். அதனால் அடிப்பதா விடுவதா என்பதை இலையின் அடிப்பக்கம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் வயலின் நாலு பக்கமும் நடுவிலுமாக 20 செடி பாருங்கள். கொழுந்துக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் எத்தனை பூச்சி விழுகிறது, இலையடியில் வெள்ளை ஈ இருக்கிறதா, இலையில் சுரங்கம் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள்.

வெள்ளை ஈயோ சுரங்கமோ இருந்தால் தொடாமல் விடுங்கள். கொஞ்சம் பூ கொட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய் எண்ணிக்கை குறைந்தாலும் மீதிக் காய் பருத்து ஓரளவு ஈடுகட்டும். இரை எதுவும் இல்லாமல் வளையம் மட்டும் நாளுக்கு நாள் கூடினால், பக்கக் கொழுந்துகளைக் கிள்ளி வயலுக்கு வெளியே போடுங்கள். முட்டையைத் தண்டின் சதைக்குள் செருகி வைப்பதால் முட்டையும் குஞ்சும் அதோடு போய்விடும். அதற்கும் அடங்கவில்லை என்றால், பூச்சி அதிகமுள்ள வரிசைகளில் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைச் சாயங்காலம் தெளிக்கலாம். குஞ்சுகள் ஓரளவு குறையும். வயல் முழுக்க விஷ மருந்து வேண்டாம்.

செடியையும் தின்று பூச்சியையும் தின்னும் உயிர் இது ஒன்றுதான் என்றில்லை. யூசியஸ் என்ற இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்கள் பூந்தூளையும் தின்னும், இலைச் சாற்றையும் லேசாக உறிஞ்சும். அவற்றால் பயிருக்குச் சேதம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஆமணக்குப் பூந்தூள் அந்த வகைப் பேன்களுக்கு நல்ல தீனி. வரப்பில் ஆமணக்கு இருந்தால் வெட்டாதீர்கள்.

அடுத்த பட்டத்தில் தக்காளியோடு ஓரத்தில் இரண்டு வரிசை எள் விதையுங்கள். இந்தப் பூச்சிக்குத் தக்காளியைவிட எள் பிடிக்கும். இரை இல்லாத நாளில் அங்கே போய்ச் சாறு குடிக்கும், தக்காளி தப்பும். எள் நம் ஊர்ப் பயிர்தான், விதைக்கு அலைய வேண்டியதில்லை.

இப்போதைக்கு நாலைந்து பூச்சியை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, வளையம் விழுந்த கொழுந்தோடு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதுவரை கடையில் மருந்து வாங்க வேண்டாம்.