வாக்குச்சாவடியில் அடையாள அட்டை காட்டச் சொல்வது சரியா?

சரிதான். ஆனால் அடையாளம் கேட்கிற அரசு, அதை முதலில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் கேட்பது அநியாயம். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் பணியில் முதல் மேசையில், அதாவது வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் யார் என்று சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

"ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், பூத் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், விரலில் மையும் வைக்கிறீர்கள், அட்டை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன கிராமத்தில் இது ஓரளவு சரி. வரிசை எண்ணையும் பெயரையும் நாங்கள் சத்தமாகப் படிப்பதே ஏஜென்ட்டுகள் காதில் விழத்தான். ஆள்மாறாட்டம் என்று தோன்றினால் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆனால் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரத்து பூத்தில் எந்த ஏஜென்ட்டுக்கு யாரைத் தெரியும்? மை, ஒருவர் இரண்டாவது முறை வருவதைத்தான் தடுக்கும். முதல் முறையே வேறொருவர் பெயரில் வந்து நிற்பவரை அது காட்டிக்கொடுக்காது.

அப்படி உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது டெண்டர் ஓட்டு. இயந்திரத்தில் இல்லை, வாக்குச்சீட்டில் குறித்துக் கொடுக்க வேண்டும். அதைத் தனி உறையில் வைத்துவிடுவார்கள். நீதிமன்றம் சொன்னால் ஒழிய எண்ண மாட்டார்கள். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அதனால் "ஒரு கள்ள ஓட்டு என்ன செய்துவிடும்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

இதற்குத்தான் 1993-ல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவு போட்டார். 1995 ஜனவரி 1-க்குள் அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே கிடையாது என்று கறாராகவும் நின்றார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அட்டை கொடுத்து முடிக்காத மாநிலங்களிலும் தேர்தல் நடக்கத்தான் செய்தது. சேஷன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் இதில் அப்படி நடந்ததுதான் நியாயம். அட்டை வராதது அரசின் குறை, அதற்கு வாக்காளர் ஏன் ஓட்டை இழக்க வேண்டும்?

இன்று வாக்காளர் அட்டை இல்லாமல் வருபவரும் ஓட்டுப் போடலாம். ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓய்வூதிய ஆவணம் என்று மாற்று ஆவணங்களின் பட்டியல் நீளமானது. அட்டையில் எழுத்துப்பிழை, பழைய முகவரி போன்றவை இருந்தாலும் ஆள் அவர்தான் என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும் என்பதே விதி. பலர் ஏமாறுவது ரேஷன் கார்டில். அது இந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப் மட்டும் கொண்டுவந்தால் போதும் என்ற நிலையும் 2019-ல் முடிந்துவிட்டது.

ஒருமுறை ஒரு பாட்டி ரேஷன் கார்டும் பூத் சிலிப்புமாக வந்தார். இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளுமே "நம்ம பாட்டிதான் சார்" என்றார்கள். எனக்கும் சந்தேகம் இல்லை, ஆனாலும் விதி விடாது. "நூறு நாள் வேலை அட்டை இருக்கா பாட்டி?" என்று கேட்டேன். "அது இருக்கு சாமி, அது செல்லுமா?" என்றார். செல்லும். பேரன் ஓடிப்போய் எடுத்துவந்தான், பாட்டி ஓட்டுப் போட்டார். கூலி வேலை செய்பவர் வீட்டில் இருக்கும் அட்டையும் செல்லுபடியாகிறது என்பதால்தான் நம் முறையை நான் மனதார ஆதரிக்கிறேன். அந்த வரி பட்டியலில் இல்லாவிட்டால் நான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2023 மே உள்ளாட்சித் தேர்தலில்தான் முதல்முறையாகப் பரவலாகப் புகைப்பட அடையாளம் கேட்டார்கள். அங்கே எல்லாருக்குமான தேசிய அடையாள அட்டை கிடையாது. முதியோரின் பஸ் பாஸ் செல்லும், மாணவர்களின் அட்டை செல்லாது. அடையாளம் இல்லாதவர்களுக்கு இலவசச் சான்றிதழ் உண்டு, ஆனால் கேட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். வாக்குச்சாவடிக்கு வந்து திரும்பிப் போய், பிறகு வராமலே இருந்தவர்கள் சுமார் 14,000 பேர் என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே சொன்னது. அட்டை கையில் சேருவதற்கு முன்பே கட்டாயமாக்கினால் இதுதான் நடக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடையாளம் பார்க்கும் அதிகாரம் அலுவலருடையது, ஏஜென்ட்டுடையது இல்லை. 2022-ல் மேலூர் நகராட்சித் தேர்தலில் ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணைப் பார்த்து ஒரு கட்சி ஏஜென்ட் கூச்சல் போட்டு, கடைசியில் அந்த ஏஜென்ட்டைத்தான் வெளியே அனுப்பினார்கள். முகம் பார்க்க வேண்டுமானால் பெண் அலுவலர் மறைவான இடத்தில் பார்ப்பார். ஒரு பெண்ணை எல்லார் முன்னிலும் அவமானப்படுத்த அடையாளச் சோதனை ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது.

அப்புறம், கையில் வாக்காளர் அட்டை இருந்தாலே ஓட்டுப் போடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது. என் மேசையில் கண்கலங்கி நின்றவர்களில் பெரும்பாலானோர் அட்டை இல்லாதவர்கள் அல்ல, பெயர் இல்லாதவர்கள். பீகாரில் 2025 திருத்தப் பணியின்போது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் பெயர், என்ன காரணம் என்று வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அடையாள அட்டை பற்றி விவாதிப்பவர்கள் இதற்கும் அதே அளவு குரல் கொடுக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6, விவரம் தவறாக இருந்தால் படிவம் 8. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வழியில்லை, அதற்குப் பிறகு வந்து கேட்டால் என்னாலும் எதுவும் செய்ய முடியாது.