வைஃபை வராத லேப்டாப்: கடைக்கு எடுத்துச் செல்லும் முன்

கேள்வி: பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன். நேற்று வரை வைஃபை நன்றாகவே வேலை செய்தது. இன்று காலை திறந்து பார்த்தால் பட்டியலில் ஒரு பெயரும் வரவில்லை. திரையின் மூலையில் விசிறி போல இருந்த குறி பூமி உருண்டையாக மாறிவிட்டது. பழுது பார்ப்பவர் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். லேப்டாப் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இன்றே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். மதர்போர்டில் பழுது ஏற்பட்டு வைஃபை நின்றுபோவதும் உண்டுதான். ஆனால் செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய காரணங்கள் அதற்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, எதுவும் ஒத்துவராதபோதுதான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில், லேப்டாப் இருக்கும் அதே இடத்தில் செல்பேசியில் வைஃபை பட்டியலைப் பாருங்கள். அதில் உங்கள் ரவுட்டரின் பெயர் வருகிறது என்றால், குறையை லேப்டாப்பில்தான் தேட வேண்டும். அடுத்து, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால், அதுகூடவா எனக்குத் தெரியாது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைக்க மூன்று இடங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் அணைந்திருப்பது இன்னோரிடத்தில் தெளிவாகத் தெரியாமல் போவதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

பழைய மாடல்களில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ, நகத்தால் தள்ளும் அளவுக்குச் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். பையிலிருந்து லேப்டாப்பை உருவும்போது அது தானாக நகர்ந்துவிடும். நான் முன்பு வைத்திருந்த லேப்டாப்பில் இப்படி நேர்ந்தபோது, இரண்டு நாட்கள் டிரைவர்களை (பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களை) அழித்து அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விளிம்பைத் துணியால் துடைத்தபோது அரிசி அளவில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி கண்ணில் பட்டது. சுவிட்ச் விலகினால் அந்த நிறம் வெளியே தெரியும்படி அமைத்திருந்தார்கள். அதைத் தள்ளியதும் எல்லாப் பெயர்களும் வந்தன. அத்தகைய சுவிட்ச் அணைந்திருக்கும்வரை விண்டோஸில் என்ன மாற்றினாலும் வைஃபை வராது.

சுவிட்ச் இல்லாத லேப்டாப்களில் அந்த வேலையை விசைப்பலகையின் மேல் வரிசை செய்கிறது. எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள விசைகளில் ஒன்றின்மேல் சிறிய ஆண்டெனாவோ விமானமோ வரைந்திருக்கும். அதைத் தனியாகவோ, எஃப்என் விசையோடு சேர்த்தோ ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மூன்றாவது இடம் மென்பொருளுக்குள் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையோடு ஏ விசையை அழுத்தினால் ஒரு பலகை விரியும். அதில் வைஃபை கட்டம் ஒளிர்ந்தும் ஏரோப்ளேன் மோட் கட்டம் அணைந்தும் இருக்க வேண்டும். மேக்கில் திரையின் மேல்வரிசையிலுள்ள விசிறிக் குறியிலேயே இந்த வசதி இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஆர்எஃப்கில் என்ற கட்டளை, தடை மென்பொருளில் இருக்கிறதா சுவிட்சில் இருக்கிறதா என்பதையே பிரித்துச் சொல்லிவிடும்.

அந்தப் பலகையில் வைஃபை கட்டமே காணவில்லை என்றால், லேப்டாப்புக்குத் தன் வைஃபை கார்டு (உள்ளே வைஃபைக்கென இருக்கும் பாகம்) கண்ணில் படவில்லை என்று பொருள். உங்கள் நிலை இதுவாக இருக்கலாம். அப்போது ஷட் டவுன் செய்து திறப்பது போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் பழைய நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதிலும் வரவில்லையென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் செருகியிருக்கும் பிற சாதனங்களையும் எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்த பின், தொலைந்த கார்டு தானாகவே திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பை விரியுங்கள். கார்டின் பெயர்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். வலது கிளிக் செய்து இயக்கிவிடலாம். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. உங்கள் மாடலுக்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். இன்டர்நெட்டே இல்லாமல் எப்படி எடுப்பது என்றால், ஆண்ட்ராய்டு செல்பேசியைச் சார்ஜிங் கேபிளால் லேப்டாப்பில் செருகி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். செல்பேசியின் இணைப்பு கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வந்துவிடும்.

கார்டின் பெயரே அங்கு இல்லையென்றால் மட்டும் கடைக்குப் போங்கள். போனதும், கார்டு தனியாகச் செருகப்பட்டிருக்கிறதா அல்லது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பல லேப்டாப்களில் அது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, ஒரே திருகில் நிற்கும் தனித் துண்டு. கழற்றிச் செருகினாலோ, வேறொன்று போட்டாலோ வேலை முடிந்துவிடும். மெல்லிய மாடல்கள் சிலவற்றில்தான் போர்டோடு ஒன்றாக இருக்கும்; அப்போதும் போர்டை மாற்றாமல், யூஎஸ்பி துளையில் ஒரு வைஃபை அடாப்டரைச் செருகிச் சமாளிக்கலாம். வேலை தொடங்குமுன் எந்தப் பாகம் மாற்றப்படுகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருக்கும் லேப்டாப் என்றால் வெளிக்கடையில் திறக்கவே விடாதீர்கள்.

கேள்வி: ஃபேன் சத்தம் போடுகிறது என்று லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்த நாள் முதல் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வைஃபை வருகிறது. அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது. சுத்தம் செய்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் தொடர்பு இருக்கிறது. வைஃபை கார்டிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகவோ, கறுப்பும் சாம்பலுமாகவோ இரண்டு மெல்லிய கம்பிகள் கிளம்பி, மூடியின் கீல் வழியாகத் திரைச் சட்டத்துக்குள் இருக்கும் ஆண்டெனாக்களுக்குப் போகின்றன. அவற்றின் முனையில் ஊசித் தலையைவிடச் சற்றே பெரிய பொன்னிறத் தொப்பி இருக்கும். அதைக் கார்டின் குமிழ்மீது நேராக வைத்து, 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். ஃபேனைக் கழற்றும்போது அது விலகியிருந்தால், ஆண்டெனா இல்லாத கார்டு சில அடி தூரத்துக்குத்தான் கேட்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். திறந்தவர்களிடமே எடுத்துப் போய், கம்பிகள் இரண்டும் பொருந்தியிருப்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கையால் விலகியதைப் பொருத்திக் கொடுப்பதற்குக் கட்டணம் கேட்பது நியாயமன்று.

கேள்வி: வைஃபையில் இணைந்திருக்கிறது என்றே காட்டுகிறது. ஆனால் கீழே 'இன்டர்நெட் இல்லை' என்று வருகிறது. இணைப்புத் தரும் நிறுவனம் ரவுட்டரை மாற்றச் சொல்கிறது.

பதில்: வைஃபை என்பது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள பாதை, இன்டர்நெட் என்பது ரவுட்டரிலிருந்து வெளியே போகும் பாதை. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது அறுந்திருக்கலாம். அதே வைஃபையில் செல்பேசியை இணைத்து, அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் செல்பேசி தன் சொந்த இணைப்பில் பக்கத்தைத் திறந்து உங்களை ஏமாற்றிவிடும். செல்பேசியிலும் வரவில்லையென்றால், ரவுட்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்குங்கள். பிறகும் வராவிட்டால் ரவுட்டரோடு லேப்டாப்பைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அதிலும் வராதபோது பழுது வெளியிலிருந்து வரும் இணைப்பிலா, ரவுட்டரிலா என்பதை நிறுவனம்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். லைனைச் சோதித்து முடிவைச் சொல்லும்வரை புதிய ரவுட்டருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

செல்பேசியில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. வைஃபை இணைப்பின் விவரங்களில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காத லேப்டாப், தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. அந்த வைஃபையை மறக்கச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்து இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) ஏதேனும் இயங்கினால் நிறுத்துங்கள். தேதியையும் நேரத்தையும் கட்டாயம் பாருங்கள்: பழைய லேப்டாப்பின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னே போய்விட்டால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி, இணைப்பு முழுமையாக இருந்தும் பக்கங்கள் திறக்காது. எதுவும் உதவாதபோது விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் அதில் அழிந்துவிடும் என்பதால், முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப் உறங்கி எழுந்தால் வைஃபை துண்டிக்கப்படுகிறது.

பதில்: டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். அந்தப் பகுதி எல்லா லேப்டாப்களிலும் இருக்காது. இல்லாவிட்டால் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

கேள்வி: புதிய ரவுட்டர் வாங்கியதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் வைஃபை வருகிறது, என் பழைய லேப்டாப்புக்கு மட்டும் அதன் பெயரே தெரியவில்லை. புதிய லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் ஒலிபரப்பினால், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த பழைய கார்டுக்கு அது புலப்படாது. ரவுட்டர் அமைப்பில் 2.4 அலைவரிசையையும் இயக்குங்கள். வேகம் குறைவென்றாலும் சுவர்களைத் தாண்டி அதிகம் போவது அதுதான். வைஃபை 6 ரவுட்டர்கள் வந்த காலத்தில், பழைய டிரைவரோடு இருந்த இன்டெல் கார்டுகள் சிலவற்றுக்கு அவற்றின் பெயரே தெரியாமல் போனது. டிரைவரைப் புதுப்பித்ததும் தெரிந்தது. பாதுகாப்பு முறை 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பழைய லேப்டாப் இணையாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து வைப்பது மட்டும் கூடாது.

கேள்வி: யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். பெட்டிகளில் ஏசி600, ஏசி1200 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

பதில்: அந்த எண்ணை வைத்து மட்டும் வாங்காதீர்கள். இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களையும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிப் போட்ட எண் அது. 600 என்பது 2.4-இல் 150 மெகாபிட்டும் 5-இல் 433 மெகாபிட்டும். 1200 என்பது 300-ம் 867-ம். அடாப்டர் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகை உங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது. கோப்பு இறங்கும் வேகம் பைட்டில் காட்டப்படுவதால், ஒரு பைட்டுக்கு 8 பிட் என்ற கணக்கில் 8-ஆல் வகுத்துப் பார்க்கவும் வேண்டும். முதலில் உங்கள் இன்டர்நெட் திட்டத்தின் வேகத்தைப் பாருங்கள். அது 100 மெகாபிட் என்றால், ஏசி600 வகையே உங்களுக்குப் போதும்.

எண்ணைவிட வடிவத்தைக் கவனியுங்கள். விரல்நுனி அளவு அடாப்டரில் ஆண்டெனாவும் அவ்வளவுதான் இருக்கும். ரவுட்டர் தொலைவில் இருப்பவர்கள் வெளியே நீட்டும் ஆண்டெனா உள்ளதை வாங்குவது நல்லது. யூஎஸ்பி 2.0 துளையின் உச்சமே 480 மெகாபிட் என்பதால் வேகமான அடாப்டருக்கு 3.0 துளை தேவை. ஆனால் 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எனவே அடாப்டருக்குப் பக்கத்துத் துளையில் ஹார்டு டிஸ்க் செருகாதீர்கள்.

உள்ளே போடும் கார்டு வாங்குவதாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டாவது, அதற்கென ஆதரவு உள்ள இன்டெல் பிராசசர்களோடு மட்டுமே வேலை செய்யும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), தான் அறிந்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. திருப்பித் தரும் வசதி இருக்கும் இடத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பயன்படுத்திய லேப்டாப் வாங்கும்போது வைஃபையை எப்படிச் சோதிப்பது?

பதில்: விற்பவரின் வைஃபையை நம்பாமல் உங்கள் செல்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் இணையுங்கள். செல்பேசி அனுமதித்தால் 2.4, 5 இரண்டு அலைவரிசைகளிலும் மாற்றிப் பாருங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு, செல்பேசியுடன் அடுத்த அறைக்குப் போய் நில்லுங்கள். பிறகு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இணைப்பு அறுந்தால், கீலுக்குள் போகும் ஆண்டெனாக் கம்பி நைந்திருக்கக்கூடும். விலையைப் பேசுவதற்கு முன் அதை விற்பவருக்கும் காட்டிவிடுங்கள்.