முயலின் தீனி: கீரைக்கு முன் புல்

எங்கள் முயல் 2 கிலோ எடை. தினமும் எவ்வளவு கீரை போடலாம்?

வளர்ந்த முயலுக்குக் கிலோ எடைக்கு ஒரு கப் நறுக்கிய கீரை என்பது நல்ல கணக்கு. உங்கள் முயலுக்கு இரண்டு கப். காலையில் பாதி, மாலையில் பாதி. ஆனால் கீரை துணை உணவுதான். காய்ந்த புல் இரவும் பகலும் கூண்டில் இருக்க வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும்; முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. புல்லை இடமும் வலமுமாக அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சரியாகத் தேயும். கீரை நாலு கடியில் உள்ளே போய்விடும். புல்லுக்குப் பதில் வைக்கோலைப் போடாதீர்கள், அதில் சத்து மிகக் குறைவு.

கொத்தமல்லி, புதினா, துளசி, முள்ளங்கி இலை, கேரட் இலை என நாளுக்கு மூன்று வகை கலந்து போடுங்கள். பாலக்கீரை, பார்ஸ்லி, பீட்ரூட் இலை ஆகியவற்றில் ஆக்சலேட் (அளவு மீறினால் கெடுதல் செய்யும் ஒரு தாவரப் பொருள்) அதிகம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும், அதுவும் மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். கழுவிய ஈரம் இருந்தால் பாதகமில்லை; வழவழத்த இலை மட்டும் வேண்டாம்.

கீரை போட்ட மறுநாள் கூண்டில் ஈரமாக, நாற்றத்தோடு புழுக்கை கிடக்கிறது. கழிச்சலா?

முதலில் உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் திராட்சைக் கொத்துபோல் ஒட்டி, கருத்து, பளபளவென்று இருந்தால் அது கழிச்சல் அல்ல, மென்புழுக்கை. முயல் அதை ஆசனவாயிலிருந்து நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். குடலில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அது மிச்சம் கிடந்தால் பெரும்பாலும் பெல்லட்டோ (கடையில் விற்கும் அழுத்திய தீவன உருண்டை) பழமோ கூடிவிட்டது என்று பொருள். உடல் பருத்த முயலாக இருந்தால் வாய் எட்டாமலும் விட்டிருக்கும். பெல்லட்டைக் கிலோ எடைக்கு 25 கிராமுக்கு மேல் போகவிடாதீர்கள்.

உருண்டையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அது நிஜக் கழிச்சல். குட்டி என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். புதுக் கீரையை ஒரு நேரத்தில் ஒரே வகையாக, இரண்டு மூன்று இலையில் தொடங்கி, இரண்டு நாள் புழுக்கையைக் கவனித்த பிறகே கூட்டுங்கள். நாலு வகையை ஒன்றாக ஆரம்பித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

கேரட், ஆப்பிள்?

இரண்டிலும் சர்க்கரை இருக்கிறது. கேரட் ஒரு மெல்லிய வில்லை. பழம் 2 கிலோ முயலுக்கு ஒரு டீஸ்பூன் அளவு, அதுவும் தினமும் வேண்டாம். ஆப்பிள் விதையை நீக்கிவிடுங்கள்.

எவற்றைத் தரவே கூடாது?

வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளைக்கிழங்கு இலையும் முளையும், தக்காளி இலை, ருபார்ப், சாக்லேட். ரொட்டி, பிஸ்கட், சோறு ஆகியவற்றின் மாவுச்சத்து குடலைக் கெடுக்கும். புல்வெட்டும் இயந்திரத்தில் நசுங்கிய புல் சீக்கிரமே சூடேறிப் புளிக்கும்; கையால் அறுத்த பசும்புல்லே நல்லது.

குட்டிக்கு 8 வாரம். கீரை கொடுக்கலாமா?

12 வாரம் வரை பொறுங்கள். அதுவரை காய்ந்த புல், பெல்லட், குதிரை மசால் (அல்ஃபால்ஃபா என்னும் தீவனப் பயிர்). குதிரை மசாலை 6 மாதத்துக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள், அதில் கால்சியம் அதிகம். முயல் உண்ணும் கால்சியத்தில் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறி, மிஞ்சியது சிறுநீர் வழியாகவே வெளியேறும். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புக் குழம்புபோல் தங்கிவிடும். தண்ணீரைப் பாட்டிலைவிடக் கனமான கிண்ணத்தில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும்.

காலையிலிருந்து எதையும் தொடவில்லை. நாளை வரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிறு காலியாகக் கிடந்தால் குடலின் அசைவே நின்றுபோகும். பிடித்த புதினாவையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது, புழுக்கை சிறுத்துப்போவது, முதுகைக் கூனிப் பல்லை நறநறப்பது எல்லாம் வலியின் அடையாளங்கள். 12 மணி நேரம் தின்னாத முயலுக்கு அது அவசரநிலை. அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.