பாலமோர் கன்று ஆரல்வாய்மொழியில் ஏன் கருகியது?

அன்புள்ள ஐயா,
பாலமோர் மலைக்குப் போன உறவினர் அங்குள்ள காட்டிலிருந்து மூன்று வெடிபலாக் கன்றுகளைப் பிடுங்கிவந்து தந்தார். ஆனி மாதம் ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டுப் பின்புறம் நட்டேன். தினமும் தண்ணீர் விட்டும் ஆடி முடியுமுன் மூன்றும் கருகிவிட்டன. காட்டு மரங்களை வீட்டில் வளர்க்கவே முடியாதா?
– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

வளர்க்கலாம். ஆனால் வெடிபலா உங்கள் ஊர் மரம் அல்ல. அது மழைக்காட்டு மரம். பெரிய மரங்களின் நிழலிலும் ஈரக்காற்றிலும்தான் அதன் கன்று நிற்கும். பாலமோரில் மழை கொட்டும் அதே ஆனி, ஆடியில் உங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வறண்ட காற்று அடிக்கிறது. இலை இழக்கும் நீரை வேர் ஈடுகட்ட வேண்டும். பிடுங்கும்போதே ஆணிவேர் அறுந்துபோனதால், எத்தனை குடம் ஊற்றினாலும் உறிஞ்ச ஆளில்லை.

உறவினரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் செடியைப் பிடுங்குவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மழைக்காடும் முட்காடும் ஒரே சின்ன மாவட்டத்துக்குள் இருப்பது நமக்குக் கிடைத்த பெரும் சொத்து. உங்கள் பக்கத்துக்கு உசில், வெப்பாலை, ஆவாரை போதும். முதலில் உசில் வையுங்கள். தலைக்குத் தேய்க்கும் அரப்பு அதன் இலைதான்.

ஊருக்குள் நிற்கும் மரத்தில் முற்றிப் பழுத்து நிறம் மாறிய காயாகப் பறியுங்கள். விதைத்தோல் கெட்டி, அப்படியே ஊன்றினால் தண்ணீர் உள்ளே இறங்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு நிமிடம் கழித்து விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பிலேயே வைத்தால் விதை வெந்துவிடும். காலையில் உப்பியவற்றை மட்டும் ஊன்றுங்கள்; உப்பாதவற்றுக்கு மறுபடியும் வெந்நீர். ஆவாரைக்கும் இதே முறை. வெப்பாலைக்கு வெந்நீர் வேண்டாம்.

விதை ஊன்றும் பைக்கு மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று. ஓர் அடி ஆழப் பை நல்லது. குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். அந்தக் கன்று பின்னாளில் காற்றுக்குச் சாயும்.

நடவு ஐப்பசியில், முதல் மழை மண்ணில் இறங்கிய பிறகு. ஒன்றரை அடிக் குழி, ஒன்றரை அடிக்கு மேற்படாத கன்று. உயரமான கன்று பார்வைக்கு அழகு; காற்றில் முதலில் ஆடி வேர் அறுவதும் அதுதான். மேற்குப் பக்கம் கம்பு நட்டு, சணலை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு பருக்காது. அடுத்த ஆடி முடிந்ததும் சணலை அவிழ்த்துவிடுங்கள்.