‘போகலாம்’ என்பதற்கு மே போடுவதா, கேன் போடுவதா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பில் வேலை செய்யும் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார்: “நாளைக்குப் புறாத்தீவுக்குப் போகலாமா என்று வெளிநாட்டுத் தம்பதி ஒன்று கேட்டது. போகலாம் என்ற எண்ணத்தில் ‘யூ மே கோ’ என்றேன். அவர்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் கேன் (can), குட் (could), மே (may), மைட் (might) நாலும் எனக்குக் குழப்பம் சேர். எதை எங்கே போடுவது?”

தங்கச்சி, இலக்கணத்தில் நீங்கள் பிழை விடவில்லை. ஆனால் ‘யூ மே கோ’ என்றால், தலைமை ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பார்த்து “சரி, நீ போகலாம்” என்று அனுப்பிவிடுவது போலக் காதில் விழும். ‘யெஸ், யூ கேன்’ என்றிருந்தால் போதும்.

குழப்பத்தின் வேர் நம்முடைய ‘லாம்’. “உள்ளே வரலாம்” என்றால் அனுமதி. “மழை வரலாம்” என்றால் சாத்தியம். இரண்டையும் தமிழ் ஒரே விகுதியில் சொல்லிவிடுகிறது. அதனால் ஆங்கிலத்துக்குப் போகும் முன், ‘லாம்’ இருக்கும் இடத்தில் ‘கூடும்’ போட்டுப் பாருங்கள். “மழை வரக்கூடும்” பொருந்துகிறது, பொருளும் மாறவில்லை. அப்படியானால் அது சாத்தியம்: மே, மைட், குட் மூன்றில் ஒன்று. “செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வரலாம்” என்பதில் ‘வரக்கூடும்’ போட்டால் வசனம் கெட்டுவிடும். அது அனுமதி. பேச்சில் கேன், அறிவித்தல் பலகையிலும் மிகப் பணிவான பேச்சிலும் மே.

நான் அதிகம் திருத்துகிற பிழை ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’. குறிப்பிட்ட ஒரு நாளில் நடக்கக்கூடியதற்குக் கேன் வராது. ‘இட் மே ரெய்ன் டுமாரோ’ என்பதுதான் சரி. ஆனால் ‘த சீ கேன் பி ரஃப் இன் டிசம்பர்’ என்பது நல்ல ஆங்கிலம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கடல் கொந்தளிப்பதும் உண்டு என்று அதன் இயல்பைச் சொல்கிறோம். தமிழில் ‘உண்டு’ என்று முடிக்க முடிந்தால் கேன் போடலாம். இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டாலே பாதிப் பிழை போய்விடும்.

மேக்கும் மைட்டுக்கும் இடைவெளி சிறிது. மைட்டில் நிச்சயம் கொஞ்சம் குறைவு. திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்களுக்கு ‘யூ மைட் சீ வேல்ஸ்’ என்று சொல்லுங்கள். கடலில் இருப்பதற்கு நாம் உறுதி கொடுக்க ஏலாது.

குட் கேட்பதற்கு நல்லது, அனுமதி கொடுப்பதற்கு ஆகாது. ‘குட் ஐ யூஸ் த கிச்சன்?’ என்று விருந்தினர் பணிவாகக் கேட்டால், ‘யெஸ், யூ கேன்’ என்றே பதில் சொல்லுங்கள். ‘யெஸ், யூ குட்’ என்றால் பின்னால் ஏதோ ஓர் “ஆனால்” வரப்போகிறது என்று காத்திருப்பார்கள்.

எதிர்மறையில்தான் கவனம் வேண்டும். ‘மே நாட்’ என்பதற்கு இரண்டு முகம். ‘த போட் மே நாட் கம்’ என்றால் படகு வராமலும் போகலாம். ‘கெஸ்ட்ஸ் மே நாட் ஸ்மோக் ஹியர்’ என்றால் இங்கே புகைக்கக் கூடாது. பேசும்போது சந்தேகத்துக்கு ‘மைட் நாட்’, தடைக்கு ‘கான்ட்’ என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறையை உடைத்து எடுக்கக் கூடாது என்று சொல்லும்போது ‘யூ கான்ட் டேக் த கோரல்’ என்று தெளிவாகவே சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தத் தம்பதி திரும்பவும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பலாம் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார். உங்கள் பதில்: ‘யெஸ், யூ கேன் கோ. பட் த சீ மைட் பி ரஃப் இன் தி ஆஃப்டர்நூன், ஸோ கோ ஏர்லி.’ முதலாவது ‘லாம்’ கேன் ஆகிவிட்டது, இரண்டாவது மைட்.